நான்கு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள்

1

நாங்கள் விண்ணப்பம் கொடுத்து இன்றோடு ஒரு வருஷம் முடிகிறது. கல்யாண நாளைக்கூட மறந்துபோகிற நான் இந்தத் தேதியை மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் என் மனைவி சரோஜாவிடம், "இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழம. வரும்போது நல்லெண்ண வாங்கியாங்க" என்றாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன விண்ணப்பம் என்று சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் குமாஸ்தா. போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. சரோஜாவும் இரண்டு பிள்ளைகளும் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தார்கள். எனக்கு வேலை இருக்கும்வரை வேலைக் காகிதம். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற காகிதம். யாராவது ஒருவருடைய காகிதம் எப்போதும் காலாவதியாகும் தறுவாயில் இருக்கும். இங்கே புது நாடு பிறந்து, புதுச் சட்டங்களும் வந்த பிறகு, நீல அடையாள அட்டை வாங்கி நிரந்தரமாகக் குடியிருந்துவிடுவதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

விண்ணப்பத்தில் முதல் கட்டமே தகராறு. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. செஞ்சிப் பக்கத்தில் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து ரங்கநாதனாகிய நான் அந்த ஆபீசில் திரு. முனுசாமி. அவர்கள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் செத்துப்போன என் நைனாவுக்காக நான் எழுந்து நிற்கிறேன். சரோஜாவும் பிள்ளைகளும் தங்கள் பெயருக்குப் பின்னால் என் பெயரை எழுதியதால் அவர்கள் வேறு குடும்பம், நான் வேறு குடும்பம். அதையும் அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிச் சரிசெய்தார். நல்ல மனிதர். கஷ்டம் அவரால் வரவில்லை, என்னால் வந்தது.

2

நாலு மாதம் கழித்து எங்கள் நாலு பேரையும் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அட்டை கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் இஸ்திரி போட்ட சட்டையும், சரோஜா பட்டுப்புடவையுமாகப் போனோம். மகன் சேகருக்கும் மகள் தனத்துக்கும் புதுச் செருப்பு. படம் பிடிப்பார்களோ என்று தலைக்கு எண்ணெய் வேறு.

அதிகாரி எங்கள் காகிதங்களை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அதிகாரி என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "திரு. முனுசாமி, உங்களுக்கு எத்தனை மனைவி?" என்று கேட்டார்.

"ஒருத்திதான் சார். இவங்கதான்" என்றேன்.

"அப்படியானால் இந்த அம்மாள் ஒரே வருஷத்தில் ஜனவரி மாதம் ஒரு பெண்ணும், மே மாதம் ஒரு பையனும் பெற்றிருக்கிறாரே, அது எப்படி?"

மொழிபெயர்ப்பாளர் சங்கடத்தோடு அதைத் தமிழில் சொன்னார். சரோஜா என்னைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், அப்புறம் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாள்:

"ஆடு கூட அஞ்சு மாசம் எடுத்துக்கும்ங்க. என்னா நெனச்சிக்கினு இருக்காரு அவரு?"

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருந்தது. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த பள்ளிக்கூடச் சான்றிதழிலும் அப்படித்தான் இருந்தது. சான்றிதழில் அப்படி இருந்ததற்கு யார் காரணம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சரோஜாவுக்கு அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

3

நடந்தது இதுதான். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அப்போது தனத்துக்கு ஏழு வயது முடிந்திருந்தது, இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அவள் பிறந்தது மேல்மலையனூரில், என் மாமியார் வீட்டில். நான் அந்த வருஷக் கடைசியில் கப்பலேறிவிட்டேன், வருஷம் ஒருமுறை லீவில் வந்துபோவேன். சரோஜா சிங்கவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, குழந்தை மட்டும் ஆயாவை, என் மாமியாரை, விட்டு வரமாட்டேன் என்று அழுதது. ஆயாவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அழுதார். இருவரில் யார் அதிகம் அழுதது என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. அப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. நான்தான் அந்த லீவில் போய், பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சேகருக்கு அப்போது ஐந்து முடியவில்லை. ஆனாலும் ஒரே லீவில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று இருவரையும் ஒரே நாளில் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். தலைமை ஆசிரியர் வழக்கப்படி வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். சேகர் தலையை எவ்வளவோ சாய்த்துப் பார்த்தான், எட்டவில்லை. தனத்தின் கை காதைத் தாண்டித் தாடைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு பத்தல, ஒண்ணு மிச்சம்" என்றார் தலைமை ஆசிரியர்.

"ரெண்டையும் ஒண்ணாவே போட்டுடுங்க சார். அக்கா தொணைக்கு இருந்தா அவன் அழமாட்டான்" என்றேன்.

அவர் யோசித்து, பையனுக்குச் சில மாதம் ஏற்றினார். பெண்ணுக்கு இரண்டு வருஷத்தைக் குறைத்தார். இருவரும் நடுவில் ஒரு இடத்தில் வந்து சந்தித்தார்கள். இரட்டைப் பிள்ளை என்றே எழுதிவிடலாமே என்று புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன்.

"ஐயோ, அது பொய்யா பூடும் சார்" என்றார். "இன்ஸ்பெக்டர் வந்து ரெண்டையும் பக்கத்துல நிக்க வெச்சிப் பார்த்தா சிரிப்பாரு. அதுக்கு ஜனவரி போடறேன், இவனுக்கு மே போடறேன்."

நடுவில் நாலு மாதம்தான் இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் லீவு மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் என்பது தலைமை ஆசிரியர் கொடுப்பதுதான். ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்துக்குத் தோதாகப் பிறந்தவர்கள். உள்ளூரிலேயே இருக்கும்வரை யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

4

அதிகாரி சொன்னது சுருக்கமாக இருந்தது. எனக்கும் சரோஜாவுக்கும் சேகருக்கும் தடை இல்லை. பெண் காகிதத்தில் உள்ள வயதைவிடப் பெரியவளாகத் தெரிகிறாள், அவள் உங்கள் சொந்தப் பெண்தானா என்பதுதான் சந்தேகம். உறவுக்காரர்கள் பிள்ளையைத் தங்கள் பிள்ளை என்று சொல்லி அழைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பிறப்புப் பதிவேட்டு நகல் வேண்டும், அதில் தாய் தகப்பன் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். மூன்று மாதம் தவணை. இல்லாவிட்டால் அவளுடைய காகிதத்தைப் புதுப்பிக்க முடியாது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். சேகர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு மலாயும் இங்கிலீஷும் கலந்து எதையோ பாடிக்கொண்டு வந்தான். அவன் தமிழில் பேசுவது இப்போதெல்லாம் பசிக்கும்போது மட்டும். அதுவும் 'மாக்கான்' என்று ஆரம்பித்து, அம்மா முறைத்தால் 'சோறு' என்று முடிப்பான். அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு. தனம் கடைசி வரிசையில் எல்லோரையும் விட ஒரு சாண் உயரமாக உட்கார்ந்திருப்பாள். வகுப்புப் படத்தில் அவளை டீச்சர் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இறங்கும்போது தனம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, நான் மட்டும் போவணுமா?"

"யாரும் போக வேணாம்" என்றேன். சத்தமாகச் சொன்னால் உண்மையாகிவிடும் என்பதுபோல் சத்தமாகச் சொன்னேன். என் பெண்ணுக்கு நான்தான் அப்பா என்று காகிதம் சொல்ல மாட்டேன் என்கிறது, அந்தக் காகிதத்தை அப்படி எழுத வைத்தவனும் நானேதான். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பட்டறையில் லீவு கேட்டேன். கொடுத்தார்கள். கப்பலேறும்போது சரோஜா மூன்று தடவை சொன்னாள்: "தனம் பொறந்தது எங்க ஊர்ல. மாசி மயானக்கொள்ள திருவிழா முடிஞ்ச மூணாம் நாளு. ஒங்க ஊர் புக்குல போய்த் தேடாதீங்க."

5

எங்கள் ஊர் புக்கில்தான் முதலில் தேடினேன். சிங்கவரம் கிராம முன்சீப் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புப் பதிவேட்டை எடுத்தார். சேகர் அழகாக இருந்தான். புரட்டாசியில் பிறந்தது, தாய் பெயர், தகப்பன் பெயர், எல்லாம் சரி. தனத்தைக் காணோம். முன்னும் பின்னும் மூன்று வருஷம் புரட்டினோம்.

"ஒங்க சம்சாரம் எங்க பெத்துச்சி?" என்று முன்சீப் கேட்டபோதுதான் மூன்று தடவை சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. கல்யாணமான ஆண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேல்மலையனூரில் என் மாமியார் அஞ்சலைக்கு அங்காளம்மன் கோயில் பக்கத்தில் கடை. எலுமிச்சை மாலை, கற்பூரம், குங்குமம். அமாவாசைக் கூட்டத்தில் நாலு ஆம்பிளைகள் செய்கிற வியாபாரத்தைத் தனியாகச் செய்வார். விலை குறைத்துக் கேட்டவர்கள் அடுத்த கடைக்கு ஓடும்படி பேசுவார். ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே நிற்கக்கூடாது, பேசக்கூடாது, பெயரைச் சொல்லக்கூடாது என்பதில் மிகவும் கட்டு. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தூணிடம் சொல்வார், தூண் இல்லாத இடத்தில் ஆட்டிடம் சொல்வார். நானும் அதே தூணுக்குத்தான் பதில் சொல்வேன். இத்தனை வருஷமாக எங்கள் சம்பந்தம் சுமுகமாக நடந்துவருவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அன்றும் நான் உள்ளே நுழைந்ததும் தூணைப் பார்த்து, "திடுதிப்புனு வந்துக்கிறாரே, புள்ளைங்க நல்லாகீதா?" என்றார். நான் விஷயத்தைத் தூணிடம் சொன்னேன். தனம் திரும்பி வரவேண்டியிருக்கும் என்று சொன்ன இடத்தில், மாலை கட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "இங்க வந்துடுமா?" என்றார் தூணிடம். "நகல் கிடைக்காவிட்டால்" என்றேன். அவர் மறுபடி மாலை கட்ட ஆரம்பித்தார்.

மேல்மலையனூர் முன்சீப்பின் பதிவேட்டில் தனம் இருந்தாள். மயானக்கொள்ளை முடிந்த மூன்றாம் நாள், சரோஜா சொன்னபடியே. பெண் குழந்தை. தாய் சரோஜா. எனக்கு உயிர் வந்தது. அடுத்த கட்டத்தைப் படித்தேன். தகப்பன் பெயர்: சிங்கவரம் மாப்பிள்ளை.

"இது என்னங்க?" என்றேன்.

"நான் இன்னா பண்றது?" என்றார் முன்சீப். "ஒங்க மாமியாதான் வந்து எழுத வெச்சிச்சி. அப்பன் பேரு இன்னான்னு கேட்டா, மாப்பிள்ள பேர வாயால சொல்லமாட்டேன்னுச்சி. ஒம்பது தடவ கேட்டேன். சிங்கவரம் மாப்பிள்ளன்னே எழுதிக்கோன்னுட்டு எழுந்து பூட்டுது."

இப்போது தன் இஷ்டத்துக்கு என் பெயரை எழுதினால் அது தப்பாகிவிடும். பதிந்தவரே மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, இந்தக் குழந்தைக்கு இன்னார் தகப்பன் என்று வாயால் சொல்லிப் பிரமாணம் செய்தால், அந்த உத்தரவை வைத்துத் திருத்தலாம் என்றார். அதாவது என் மாமியார் என் பெயரைச் சொல்ல வேண்டும்.

6

கோர்ட்டில் எங்களுக்குக் கிடைத்த தேதி ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரமும் மாமியார் தூணிடம்கூடப் பேசவில்லை. வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சிங்கவரத்தில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

குறித்த நாளில் செஞ்சிக்கு வந்தோம். வெயிலில் கோட்டை மலைப் பாறைகள் காய்ந்து, கோர்ட்டு வாசல்வரை அனல் அடித்தது. எங்கள் முறை வந்ததும் மாமியார் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கூண்டருகே நின்றார். குமாஸ்தா மனுவை வாசித்தார்.

"அந்தக் குழந்தைக்குத் தகப்பனார் யார்?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"எம் மாப்பிள்ள."

"எந்த மாப்பிள்ளை?"

"எனக்கு ஒரே பொண்ணு. ஒரே மாப்பிள்ள."

"பெயர் சொல்லம்மா."

"சிங்கவரத்து மலையில படுத்துக்கினு இருக்காரே, அந்த சாமி பேரு."

கோர்ட்டில் இருந்த செஞ்சிக்காரர்கள் எல்லோருக்கும் அது ரங்கநாதர் என்று தெரியும். மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சாமியைச் சாட்சியாக எழுதிக்கொள்ள முடியாது, மனிதன் பெயர் வேண்டும் என்றார். குமாஸ்தா இரக்கப்பட்டு, "நான் சொல்றேன், நீ தலைய மட்டும் ஆட்டும்மா" என்றார். அதுவும் கூடாது என்றார் மாஜிஸ்ட்ரேட். இன்று முடியாவிட்டால் அடுத்த மாதம் வாருங்கள் என்றும் சொன்னார். அடுத்த மாதம் என் லீவும் இருக்காது, தவணையும் இருக்காது.

மாமியார் தலைமுந்தானையைத் தோளுக்குத் தள்ளினார். நிமிர்ந்து, பதின்மூன்று பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ரங்கநாதன்" என்றார். "முனுசாமி மவன் ரங்கநாதன். தனலட்சுமிக்கு அவருதான் அப்பன்."

கைநாட்டு வைத்தார். நான் மை துடைக்கத் துணி தேடினேன். அவர் புடவையிலேயே துடைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் ஸ்பெஷல் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் அமாவாசை, பஸ்ஸில் ஏற இடமில்லை. அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம். நான் வழக்கப்படி பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்து, "கஷ்டம் கொடுத்துட்டேன்" என்றேன். அவர் கம்பத்தைப் பார்க்கவில்லை. என்னிடமே பேசினார்.

"பேரச் சொல்லிட்டேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க."

"ஐயோ, இதுல என்னங்க அத்த" என்றேன்.

"ஒரு வாரமா வாயத் தொறக்கலாமா வேணாமான்னு நெனச்சிக்கினே இருந்தேன். நீங்க வெக்கம்னு நெனச்சிக்கினு இருந்தீங்க. வெக்கம் இல்ல. நான் வாய மூடிக்கினு இருந்தா புள்ள எங்கிட்ட வந்துடும். ஏழு வருசம் எம்மேலதான் படுத்துத் தூங்குச்சி. நீங்க வந்து கூட்டிக்கினு போனப்ப நான் ஒண்ணும் சொல்லல. இப்ப அதுவா திரும்பி வருதுன்றாங்க. நான் சும்மா நின்னா போதும். கோயிலாண்ட போய் நின்னேன். அங்காளம்மாவும் ஒண்ணும் சொல்லல."

நான் கம்பத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்புறம் நெனச்சேன். இங்க வந்து அது வாசலையே பார்த்துக்கினு ஒக்காரும், தம்பி எங்க, அம்மா எங்கன்னு. அத என்னால பார்க்க முடியாது. அதான் சொல்லிட்டேன்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் இரண்டு ஆம்பிளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துவிட்டார்.

7

திரும்பி வந்து இரண்டு நகல்களையும் உத்தரவையும் கொடுத்தேன். அதிகாரி எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இந்தப் பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு வயது கூடிவிட்டதே" என்று சிரித்தார். சேகருக்குத்தான் கோபம். இத்தனை நாளாக நாலு மாதம்தான் பெரியவள் என்று அக்காவின் பேச்சைக் கேட்காமல் இருந்தவன், இனிமேல் கேட்க வேண்டுமே என்ற கோபம்.

மாமியார் கோர்ட்டில் பெயர் சொன்னதைச் சரோஜாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கம்மாவா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் பேசியதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. முதலில் இங்கேதான் எழுதுகிறேன்.

இதில் பாதி எழுதி வைத்திருந்தபோது நாலு பேருக்கும் அட்டை வந்துவிட்டது. பட்டறையில் கை குலுக்கினார்கள், பக்கத்து வீடுகளுக்குச் சரோஜா கேசரி கொடுத்தனுப்பினாள். எல்லோரும் என் அலைச்சலைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அது கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பத்திரிகை மேல்மலையனூர் வரைக்கும் போகும் என்று தெரியும். கோயில் பக்கத்தில் எலுமிச்சை மாலைக் கடை வைத்திருக்கும் அஞ்சலை அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதை அவரிடம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தூணிடம் படிக்க வேண்டாம், அவரிடமே படியுங்கள்:

அத்தை, தனத்துக்கு அட்டை வந்துவிட்டது. இனி அவளை யாரும் அனுப்ப முடியாது. இரண்டு தடவை அவளை உங்களிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். முதல் தடவை உங்களைக் கேட்காமல், இரண்டாம் தடவை நீங்களே கொடுத்து. டிசம்பர் விடுமுறைக்கு அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். நான் சிங்கவரத்தில் இருந்துகொள்கிறேன். அவள் விடுமுறை முழுக்க உங்களிடமே இருக்கட்டும். திரும்ப வரமாட்டேன் என்று அழுதால், நான் இரண்டு நாள் தாமதமாகவே கூப்பிட வருகிறேன்.